பாஞ்சாலங்குறிச்சிப் போர்கள்: தவிர்க்க முடியாமையும் படிப்பினையும்

பாஞ்சாலங்குறிச்சிப் போர்கள் என்பவை 1799ஆம் ஆண்டிலும் 1801ஆம் ஆண்டிலும் திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பகுதியில் பாளையக்காரர்களுக்கும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இடையே நடந்த போர்கள் ஆகும். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி, கயத்தாறு வட்டாரங்கள் இவற்றின் களமாக இருந்தன. முதற்போரின் முடிவில் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இரண்டாம் போரின் முடிவில் அவருடைய தம்பி ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்.

இப்போர்கள் நடந்தே தீர வேண்டியவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அந்நியர் ஆதிக்கம் ஒரு புறமும் மானம் மிக்க ஆட்சியாளர் மறுபுறமும் இருந்தால் போர் வருவது இயல்பே என்று பலர் கருதுகின்றனர். ஆனால் நிகழ்ச்சிகளை ஆண்டு, மாத வரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொரு படமும் தெரிகிறது. போருக்கான காரணங்கள் ஆழமானவை. அவற்றை எவரும் ஒரே நாளில் நீக்கியிருக்க முடியாது. எனினும் மோதல் ஒருமுறை தணிக்கப்பட்டது. தணிந்த பின் மீண்டும் மூண்டது. எனவே இப்போர்களில் தவிர்க்க முடியாதது எது, தவிர்த்திருக்கக் கூடியது எது, இவற்றிலிருந்து யார் என்ன கற்றுக்கொண்டனர் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

போர் தவிர்க்க முடியாததா?

போர் தவிர்க்க முடியாதது என்ற கருத்து மிகப் பழையது. கிரேக்க நாட்டில் ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் கி.மு. 431இல் தொடங்கிய போரைப் பற்றி எழுதிய துசிடிடீஸ், ஏதென்சின் வளர்ச்சியும் அது ஸ்பார்ட்டாவில் உண்டாக்கிய அச்சமுமே போரைத் தவிர்க்க முடியாததாக்கின என்று கருதினார். வளரும் வல்லரசும் அஞ்சும் வல்லரசும் மோதும் என்ற இக்கருத்து இன்றும் அரசியல் அறிஞர்களால் எடுத்துப் பேசப்படுகிறது.

சங்க இலக்கியத்தில் போரைப் போற்றும் பாடல்கள் மிகுதி. ஆயினும் போரைத் தடுக்க முயன்ற புலவர்களையும் அங்கே காண்கிறோம். சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து நின்றபோது கோவூர்கிழார் இருவரையும் இடித்துரைத்தார். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். மன்னர்கள் போருக்கு ஆயத்தமாக நின்ற வேளையிலும் பேசிப் பார்க்க இடமுண்டு என்று இப்புலவர்கள் நம்பினர்.

ஒரு போரை ஆராயும்போது மூன்றைப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். முதலாவது, நெடுங்காலமாகச் சேர்ந்துவந்த அடிப்படைக் காரணம். இரண்டாவது, மோதலைத் தொடங்கிவைத்த உடனடிக் காரணம். மூன்றாவது, மோதல் தொடங்கிய பின் பொறுப்பில் இருந்தவர்கள் எடுத்த முடிவுகள். களத்துமேட்டில் சோளத்தட்டைப் படப்பு காய்ந்து கிடப்பது அடிப்படைக் காரணம். அதில் பொறி விழுவது உடனடிக் காரணம். பொறி விழுந்ததைக் கண்டவர்கள் குடத்தை எடுத்து ஓடினார்களா, வேடிக்கை பார்த்தார்களா என்பது மூன்றாவது. படப்பு காய்ந்திருந்தது என்பதற்காக அது எரிந்தே தீர வேண்டும் என்று சொல்லிவிட முடியாது.

கரிசல் நிலமும் பாளையங்களும்

பாளையப்பட்டு முறை 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சியில் விசுவநாத நாயக்கராலும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாராலும் உருவாக்கப்பட்டது. நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது என்பது மரபு. பாளையக்காரர் தம் பகுதியில் வரி வசூலித்தார், வழக்குகளைத் தீர்த்தார், காவல் காத்தார், மதுரைக்குக் கப்பம் கட்டினார், தேவைப்பட்டபோது படை அனுப்பினார். ஊர்களைக் காவல் காப்பதற்காகக் குடிகளிடமிருந்து பெற்ற காவல் வரியும் அவருடைய வருவாயில் ஒரு பகுதி.

திருநெல்வேலிச் சீமையின் பாளையங்கள் மேற்கு, கிழக்கு என இரு தொகுதிகளாக இருந்தன. மேற்குப் பாளையங்கள் மலையடிவாரத்தில் ஓடைநீரும் குளத்துநீரும் பாயும் பகுதியில் அமைந்தவை. அவற்றில் பெரும்பாலானவற்றை மறவர் குலத்தினர் ஆண்டனர். நெற்கட்டும்செவலைத் தலைமையிடமாகக் கொண்டு 1750களிலும் 1760களிலும் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்த பூலித்தேவர் இத்தொகுதியைச் சேர்ந்தவர். கிழக்குப் பாளையங்கள் கரிசல் காட்டில் அமைந்தவை. பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், நாகலாபுரம், காடல்குடி, கோலார்பட்டி, குளத்தூர் போன்ற இப்பாளையங்களைப் பெரும்பாலும் தெலுங்கு பேசும் நாயக்கர்கள் ஆண்டனர்.

கரிசல் மண் மழை பெய்தால் நீரைப் பிடித்துவைத்துக் கொள்ளும். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். இங்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வைப்பாற்றிலும் மழைக்காலத்தில்தான் நீர் வரும். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பிக் கம்பும் சோளமும் பருத்தியும் விதைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அந்த ஆண்டு விளைச்சல் இல்லை. மேற்கே தாமிரபரணிப் பாசனத்தில் இரு போகம் விளையும் வயலையும், இந்த வானம் பார்த்த பூமியையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. பழைய முறையில் கப்பம் தாமதமாவதும், நிலுவையாக நிற்பதும், பேசித் தீர்க்கப்படுவதும் வழக்கமாக இருந்தன. குறித்த தொகையைக் குறித்த நாளில் பணமாகக் கேட்கும் நிர்வாகம் வந்தபோது இந்த வழக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

அடிப்படைக் காரணங்கள்

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி தம் போர்ச் செலவுகளுக்காகக் கம்பெனியிடமும் அதன் ஊழியர்களிடமும் பெரும் கடன் பட்டிருந்தார். அக்கடனுக்கு ஈடாக 1781இல் கர்நாடகத்தின் வரி வசூல் உரிமை கம்பெனிக்கு விடப்பட்டது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது. பெயருக்கு நவாப் அரசர், வசூல் கம்பெனியுடையது, குடிகளை நேரில் ஆள்பவர் பாளையக்காரர். ஒரே நிலத்துக்கு இவ்வாறு மூன்று அதிகாரங்கள் ஏற்பட்டன. யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதே தெளிவாக இல்லை.

பாஞ்சாலங்குறிச்சிக்கும் கம்பெனிக்கும் பகை அதற்கு முன்பே இருந்தது. 1783இல் கர்னல் புல்லர்ட்டன் தலைமையிலான படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியது. வீரபாண்டிய கட்டபொம்மன் 1790இல் பட்டத்துக்கு வந்தபோது இந்த நினைவு ஆறாமல் இருந்திருக்க வேண்டும். அண்டைப் பாளையமான எட்டயபுரத்துடன் எல்லைத் தகராறும் நீண்டகாலமாக இருந்தது.

மூன்று அதிகாரங்களுக்கிடையேயான குழப்பம், மழையை நம்பிய நிலத்தின்மேல் பணமாக விதிக்கப்பட்ட கப்பம், பழைய பகை ஆகிய மூன்றும் சேர்ந்ததே போரின் அடிப்படை. ஏதோ ஒரு வகையில் மோதல் வருவது தவிர்க்க முடியாதது என்று சொல்ல வேண்டுமானால் அது இந்த அளவுக்குத்தான் பொருந்தும்.

இராமநாதபுரம் நிகழ்ச்சி

1798ஆம் ஆண்டு மே மாத இறுதியில் பாஞ்சாலங்குறிச்சியின் கப்ப நிலுவை 3310 பகோடாக்கள். (பகோடா என்பது அக்காலத்தில் தென்னிந்தியாவில் வழங்கிய பொன் நாணயம்.) அப்போது கலெக்டராக இருந்த காலின் ஜாக்சன், கட்டபொம்மன் இராமநாதபுரத்துக்கு நேரில் வர வேண்டும் என்று ஆணை அனுப்பினார். கலெக்டர் சுற்றுப்பயணத்தில் இருந்ததால் கட்டபொம்மன் குற்றாலத்திலும் திருவில்லிபுத்தூரிலும் அவரைச் சந்திக்க முயன்றார். இரண்டு இடங்களிலும் சந்திப்பு மறுக்கப்பட்டது. அவர் 23 நாட்களில் சுமார் 400 மைல் தொலைவு கலெக்டரைப் பின்தொடர்ந்து அலைய நேர்ந்தது என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

செப்டம்பர் மாதம் இராமநாதபுரத்தில் சந்திப்பு நடந்தது. கட்டபொம்மன் நெடுநேரம் நிற்கவைக்கப்பட்டார். கணக்கைப் பார்த்தபோது நிலுவையின் பெரும்பகுதி ஏற்கனவே செலுத்தப்பட்டிருந்தது. மீதம் 1080 பகோடாக்களே. கலெக்டர் தம்மைச் சிறைப்பிடிக்கக்கூடும் என்று ஐயுற்ற கட்டபொம்மன் அங்கிருந்து வெளியேற முயன்றார். கோட்டை வாயிலில் கைகலப்பு ஏற்பட்டது. அதில் லெப்டினென்ட் கிளார்க் என்ற அதிகாரி கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பிச் சென்றார். அவருடைய தானாபதி சுப்பிரமணியப் பிள்ளை சிறைப்பட்டார்.

பொறி விழுந்தது இங்கேதான். அதன் காரணம் 1080 பகோடாக்கள் மட்டும் அல்ல. ஒரு பாளையக்காரர் தம் சீமையின் ஊர்களில் எல்லோரும் பார்க்க அலையவைக்கப்பட்டதும், பின்னர் நிற்கவைக்கப்பட்டதும் கணக்குப் புத்தகத்தில் எழுத முடியாத கடனாகச் சேர்ந்துகொண்டன.

தணிந்த தீ

அடுத்து நடந்தது பலரும் மறந்துவிடும் பகுதி. கட்டபொம்மன் படை திரட்டிப் பழிவாங்கப் புறப்படவில்லை. சென்னையிலிருந்த ஆளுநரின் நிர்வாகத்துக்கு முறையீடு எழுதினார். சென்னை நிர்வாகமும் உடனே படை அனுப்பவில்லை. வில்லியம் பிரௌன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர் ஆகிய மூவர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. 1798 டிசம்பரில் கட்டபொம்மன் குழுவின் முன் வந்து விளக்கம் அளித்தார். குழு அவர்மீது குற்றம் இல்லை என்று முடிவு செய்தது. சுப்பிரமணியப் பிள்ளை விடுவிக்கப்பட்டார். ஜாக்சன் பதவியிலிருந்து விலக்கப்பட்டு, எஸ். ஆர். லூஷிங்டன் புதிய கலெக்டராக வந்தார்.

ஓர் அதிகாரி கொல்லப்பட்ட பிறகும் மேல்முறையீடும் விசாரணையும் நடந்தன. அதிகாரியின் தவறு ஏற்றுக்கொள்ளப்பட்டது. கைதி விடுதலை பெற்றார். போர் தவிர்க்கப்படக் கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனால் குழு ஆராய்ந்தது இராமநாதபுரத்தில் ஒரு நாள் நடந்த நிகழ்ச்சியை மட்டுமே. வானம் பார்த்த பூமியில் கப்பம் எப்படி, எப்போது வசூலிக்கப்பட வேண்டும். பாளையக்காரரின் உரிமையும் காவல் வரியும் என்னவாகும் என்ற கேள்விகளுக்கு எவரும் விடை தேடவில்லை. பொறி அணைக்கப்பட்டது. படப்பு அப்படியே இருந்தது.

மீண்டும் மூண்ட போர்: 1799

அடுத்த எட்டு மாதங்களில் இரு தரப்பும் எடுத்த முடிவுகள் போரை நோக்கிச் சென்றன. சிவகங்கையின் மருது சகோதரர்கள், திண்டுக்கல் பகுதியின் கோபால நாயக்கர் ஆகியோர் கம்பெனிக்கு எதிரான கூட்டணியை உருவாக்கி வந்தனர். கட்டபொம்மனும் அதில் ஈடுபாடு காட்டினார். கூட்டணியில் சேர மறுத்த சிவகிரிப் பாளையத்தின்மீது அவருடைய ஆட்கள் படையெடுத்தனர். சிவகிரி கம்பெனிக்குக் கப்பம் கட்டும் பாளையம் என்பதால் கம்பெனி இதைத் தனக்கு விடுக்கப்பட்ட அறைகூவலாக எடுத்துக்கொண்டது.

மறுபுறம், மைசூரில் திப்பு சுல்தான் 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். மைசூர்ப் போருக்காகக் கட்டுண்டிருந்த கம்பெனியின் படைகளுக்கு வேறு வேலை தர வழி ஏற்பட்டது. கையில் படை இல்லாத 1798இல் விசாரணைக் குழு அமைத்த அதே நிர்வாகம், படை கிடைத்த 1799இல் மேஜர் பானர்மேனைத் திருநெல்வேலிக்கு அனுப்பியது. செப்டம்பர் 1ஆம் நாள் கட்டபொம்மனுக்கு அனுப்பப்பட்ட ஓலை, 4ஆம் நாள் பாளையங்கோட்டைக்கு நேரில் வர வேண்டும் என்றது. முந்தைய ஆண்டு இராமநாதபுரத்தில் பட்ட அனுபவத்துக்குப் பின் இத்தகைய அழைப்பை அவர் நம்புவதற்குக் காரணம் இல்லை. பிடிகொடுக்காத பதில் சென்றது. செப்டம்பர் 5ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சி தாக்கப்பட்டது.

முதல் தாக்குதலில் கோட்டை பிடிபடவில்லை; கம்பெனி அதிகாரிகள் சிலர் மாண்டனர். கூடுதல் படைகளும் பீரங்கிகளும் வருவதை அறிந்த கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். எட்டயபுரம் படையினர் பின்தொடர்ந்தனர். கோலார்பட்டியில் மோதல் நடந்தது. சுப்பிரமணியப் பிள்ளை பிடிபட்டு நாகலாபுரத்தில் செப்டம்பர் 13 அன்று கொல்லப்பட்டார். புதுக்கோட்டைச் சீமையின் காட்டில் மறைந்திருந்த கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தனர்.

அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் பாளையக்காரர்கள் எல்லோரையும் கூட்டிவைத்து பானர்மேன் ஒரு விசாரணை நடத்தினார். அதன் முடிவில் கட்டபொம்மன் புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். அவர் சிறிதும் அஞ்சவில்லை என்றும், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை இகழ்ச்சியுடன் நோக்கினார் என்றும், கோட்டையை விட்டு வந்ததற்காக மட்டும் வருந்தினார் என்றும் பானர்மேனே தம் மேலிடத்துக்கு எழுதினார்.

பின்னர் பானர்மேன் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார். பாஞ்சாலங்குறிச்சியும் அதனுடன் நின்ற பாளையங்களும் பறிமுதல் செய்யப்பட்டன. கம்பெனிக்கு உதவியவர்களுக்கு அவற்றின் ஊர்கள் பங்கிட்டுத் தரப்பட்டன.

இரண்டாம் போர்: 1801

கோட்டைகளை இடித்துவிட்டால் போர் முடிந்துவிடும் என்று கம்பெனி எண்ணியது. 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்த ஊமைத்துரையும் அவருடன் இருந்தவர்களும், மாறுவேடத்தில் வந்த ஆதரவாளர்களின் உதவியால் தப்பினர். அப்போது கம்பெனிப் படை சங்கரன்கோவிலில் இருந்தது. பாளையங்கோட்டையின் ஆங்கிலேயர்கள் மேஜர் மெக்காலேயின் வீட்டு விருந்தில் இருந்தனர். ஒரு வாரத்துக்குள் படை பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தபோது, தரைமட்டமாக்கப்பட்டிருந்த கோட்டைச் சுவர்கள் மீண்டும் எழுந்து நின்றன. இப்போரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, 1830இல் வெளியான தம் இராணுவ நினைவுக் குறிப்புகளில் இதை வியப்புடன் பதிவு செய்துள்ளார்.

இக்கோட்டை ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட மண்கோட்டை. செங்கல்லும் கருங்கல்லும் வேண்டியிருந்தால் ஒரு வாரத்தில் எழுப்பியிருக்க முடியாது. காலடியில் கிடந்த மண்ணும் ஊர் மக்களின் கைகளுமே போதுமானவையாக இருந்தன. மக்கள் ஆதரவு இருக்கும் வரை சுவரை இடிப்பதால் மட்டும் பயன் இல்லை என்பதை இது காட்டுகிறது.

மார்ச் 31 அன்று மெக்காலே நடத்திய தாக்குதல் தோல்வியடைந்தது. நீண்ட ஈட்டிகளுடன் சுவருக்குப் பின்னால் நின்றவர்கள் மேலே ஏறிய வீரர்களைக் குத்தித் தள்ளினர். கம்பெனி ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருந்து, பெரிய பீரங்கிகளையும் மலபாரிலிருந்து கூடுதல் படைகளையும் வரவழைத்தது. கர்னல் அக்னியூ தலைமையேற்றார். சுவர் பீரங்கியால் பிளக்கப்பட்டு மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. 1799 செப்டம்பர், 1801 மார்ச், மே ஆகிய மூன்று தாக்குதல்களும் வடகிழக்குப் பருவமழைக்கு வெளியே நடந்தவை என்பதும் கவனிக்கத்தக்கது. மழை பெய்த கரிசலில் மாட்டுவண்டிச் சக்கரமே அச்சுவரை புதையும். பீரங்கி வண்டியை இழுத்துச் செல்வது மிகக் கடினம்.

அன்று களத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை வெல்ஷ் குறிப்பிடுகிறார். காயம்பட்டுக் கிடந்தவர்களிடையே ஒரு தாய் தன் மகனைத் தேடி வந்தார். உயிர் பிரியும் நிலையில் இருந்த மகன், தன்னை விட்டுவிட்டு அருகில் கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி வேண்டினான். அத்தாயும் உடன் வந்தவர்களும் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றனர். தேடிவந்த எட்டயபுரம் வீரர்களிடம், அம்மை கண்டு இறந்தவன் உடல் என்று சொல்லித் துணியால் மூடினர். வீரர்கள் அஞ்சி விலகினர். போர் எத்தனை குடும்பங்களைத் தொட்டது என்பதை இந்நிகழ்ச்சி புள்ளிவிவரம் இல்லாமலே உணர்த்துகிறது.

ஊமைத்துரை மருது சகோதரர்களிடம் சென்று சேர்ந்தார். காளையார்கோவில் காட்டில் போர் தொடர்ந்தது. அக்டோபர் 1 அன்று காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16 அன்று ஊமைத்துரையும் செவத்தையாவும் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டனர். 1802இல் 73 பேர் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். கோட்டை இருந்த இடம் உழப்பட்டு ஆமணக்கு விதைக்கப்பட்டது என்று சொல்லப்படுகிறது.

இரு தரப்பும் கற்றவை

பாளையக்காரர்கள் முதற்போரிலிருந்து ஒரு பெரிய பாடத்தைக் கற்றனர். 1799இல் பாஞ்சாலங்குறிச்சி சில சிறு பாளையங்களின் துணையுடன் நின்றது. பிறர் ஒதுங்கினர் அல்லது எதிரியுடன் சேர்ந்தனர். 1801இல் சிவகங்கை, இராமநாதபுரம், திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகள் இணைந்து போரிட்டன. சின்ன மருது 1801 ஜூன் 16 அன்று வெளியிட்ட திருச்சிராப்பள்ளி அறிக்கை, சாதி வேறுபாடு பாராமல் எல்லா மக்களையும் ஒன்றுசேர அழைத்தது. திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோவிலிலும் அது ஒட்டப்பட்டது. ஆனால் அது வெளிவந்த நாளில் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்து 23 நாட்கள் ஆகியிருந்தன. பாடம் சரியானது; கற்ற காலம் பிந்திவிட்டது.

கம்பெனி போர் நுட்பத்தை விரைவாகக் கற்றது. போதிய பீரங்கி இல்லாமல் மண்கோட்டையைத் தாக்கக் கூடாது என்பதை இருமுறை அடிபட்டுத் தெரிந்துகொண்டது. 1801 ஜூலை 31 அன்று ஏற்பட்ட கர்நாடக உடன்படிக்கையால் ஆட்சியை முழுவதும் தன் கையில் எடுத்தது. பாளையங்கள் ஜமீன்களாயின, காவல் வரியும் ஆயுதம் தாங்கும் உரிமையும் மறைந்தன. மூன்று அதிகாரங்களின் குழப்பம் தீர்ந்தது. எனினும் ஆளப்படுபவரின் மானத்தைப் புண்படுத்தினால் என்ன நேரும் என்ற இராமநாதபுரத்துப் பாடத்தை அது கற்கவில்லை. 1806இல் வேலூர்க் கோட்டையில் இருந்த சிப்பாய்கள் சமயக்குறி அணியக் கூடாது, புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று ஆணையிட்டபோது ஜூலை 10 அன்று கிளர்ச்சி வெடித்தது.

குடியானவர்களுக்கு இப்போர்களால் உடனடி நன்மை எதுவும் கிடைக்கவில்லை. பாளையக்காரருக்குக் கொடுத்ததை ஜமீன்தாருக்குக் கொடுத்தனர். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரை அம்முறை நீடித்தது.

தவறாகக் கற்ற பாடம்

இப்போர்களிலிருந்து தமிழ்நாடு கற்றுக்கொண்டதாக எண்ணும் பாடங்களில் ஒன்று, 'எட்டப்பன்' என்ற சொல். காட்டிக்கொடுப்பவரைக் குறிக்க இச்சொல் அன்றாடப் பேச்சில் வழங்குகிறது. எட்டயபுரம் கம்பெனிப் பக்கம் நின்றதும், அதன் படைகள் பின்தொடர்ந்து போரிட்டதும் உண்மை. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தது எட்டயபுரம் அன்று, புதுக்கோட்டை. எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் ஒரே அரசின் இரு பகுதிகள் அல்ல; எல்லைக்காகப் பல காலம் பகைத்த இரு அண்டைப் பாளையங்கள். இந்தியா என்ற ஒரே நாட்டுணர்வு உருவாகாத காலத்தில் நடந்ததை இன்றைய அளவுகோலால் அளந்து, ஓர் ஊரின் பெயரையே வசைச் சொல்லாக்கியது நியாயமா என்று மாணவர்கள் சிந்திக்க வேண்டும். அதே எட்டயபுரத்தில்தான் 1882இல் பாரதியார் பிறந்தார்.

போரில் ஈடுபட்டோரை இன்று சாதிவாரியாகப் பிரித்து உரிமை கொண்டாடுவதும் இத்தகைய பிழையே. இந்தக் கரிசல் ஊர்களில் சிலைக்கும் பெயர்ப்பலகைக்கும் எழும் மனத்தாங்கல்கள் பழைய போரின் பெயரால் புதிய பகையை வளர்க்கின்றன. பிரிந்து நின்றதால் வீழ்ந்தவர்களின் வரலாற்றைப் பிரிந்து நிற்கப் பயன்படுத்துவது அவ்வரலாற்றுக்கே எதிரானது.

சான்றுகளைப் படிக்கும் முறை

இப்போர்களுக்கான சான்றுகள் பல வகையின. கம்பெனியின் கடிதங்களும் ஆணைகளும் ஒருவகை. அவை நாள், தொகை ஆகியவற்றைத் தருகின்றன. ஆனால் எதிர்த்தவர்களைக் கலகக்காரர் என்றே குறிப்பிடுகின்றன. வெல்ஷின் நினைவுக் குறிப்புகள், கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறு ஆகியவை இன்னொரு வகை. மக்களிடையே வழங்கிய கதைப்பாடல்கள் மூன்றாவது வகை; அவற்றை நா. வானமாமலை போன்றோர் தேடித் தொகுத்தனர். ம. பொ. சிவஞானத்தின் நூல் கட்டபொம்மனை விடுதலை வீரராக முன்னிறுத்தியது. 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படம் அவரை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அதே ஆண்டில் மருது சகோதரர்களின் சீமையை மையமாகக் கொண்டு 'சிவகங்கைச் சீமை'யும் வெளிவந்தது.

இன்று பலர் அறிந்த கட்டபொம்மன் திரைப்படத்தில் கண்டவர். திரைப்படத்துக்கு நாயகனும் துரோகியும் தேவை. விசாரணைக் குழுவுக்கும் 1080 பகோடாக்களுக்கும் அங்கே இடம் குறைவு. எதிரியின் கடிதமே கட்டபொம்மனின் அஞ்சாமைக்குச் சான்றாக இருப்பதும், எதிரி அதிகாரியின் நூலே ஊமைத்துரையைக் காத்த தாயின் கதையைப் பாதுகாத்ததும், எந்தச் சான்றையும் முழுவதுமாக ஒதுக்கக் கூடாது என்பதைக் காட்டுகின்றன.

படிப்பினைகள்

இப்போர்களிலிருந்து இன்றைய வாசகர் பெறக்கூடிய படிப்பினைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. நிலத்தின் இயல்பு அறியாமல் விதிக்கப்படும் வரி, வசூலாவதைவிட அதிகமாகப் பகையைச் சேர்க்கும்.
2. தொகை பற்றிய தகராறு பேசித் தீரும். அவமானம் சேர்ந்துவிட்டால் எளிதில் தீராது.
3. ஒரு நிகழ்ச்சியை விசாரித்து முடிப்பது சமாதானம் ஆகாது. அதற்கு அடியில் இருக்கும் காரணத்தையும் தீர்க்க வேண்டும். 1798 டிசம்பரில் கிடைத்த வாய்ப்பு இவ்வாறுதான் நழுவியது.
4. படை கையில் இருப்பதே போரைத் தேர்ந்தெடுக்கத் தூண்டும். பேச்சுவார்த்தை வலிமை குறைந்த காலத்துக்கு மட்டும் உரியதாக இருந்தால் அது நிலைக்காது.
5. போருக்குப் பின் 'இது நடந்தே தீர வேண்டியது' என்று சொல்வது, முடிவெடுத்தவர்களின் பொறுப்பை மறைக்கிறது. அடுத்த போரைத் தடுக்க முயல்வோரின் கையையும் அது கட்டிப்போடுகிறது.

கட்டபொம்மனின் வீரத்தை மதிப்பதும், அந்தப் போர் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று கூறுவதும் முரணானவை அல்ல. போர் வந்தபின் அஞ்சாமல் நின்றது அவருடைய பெருமை. முறையீடு எழுதி, விசாரணைக்கு நேரில் வந்து, அமைதிக்கு ஒருமுறை இடம் கொடுத்ததும் அவருடைய பெருமையே. இரண்டாவது பெருமை அதிகம் பேசப்படுவதில்லை.

நினைவிடங்கள்

கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தைக் கடந்து செல்வோர் ஒரு கல்லை எடுத்துப் போட்டு வணங்கும் வழக்கம் முன்பு இருந்தது. இன்று அங்கு சிலையும் மணிமண்டபமும் உள்ளன. இது கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. பாஞ்சாலங்குறிச்சியில் தமிழ்நாடு அரசு 1974இல் நினைவுக் கோட்டையை எழுப்பியது. 1999இல், இருநூறாவது நினைவு ஆண்டில், இந்திய அஞ்சல் துறை கட்டபொம்மன் அஞ்சல்தலையை வெளியிட்டது. பாஞ்சாலங்குறிச்சிப் பகுதியில் போரில் இறந்த கம்பெனிப் படையினரின் கல்லறைகளும் உள்ளன. நினைவுக் கோட்டையைக் காணச் செல்லும் மாணவர்கள் அக்கல்லறைகளையும் பார்த்து வருவது நல்லது.